ஆறாம் படிவத்துக்கு நான்காவது ஆள்

வகுப்பை மூடப்போகிறோம் என்று எங்கள் தலைமையாசிரியர் சொன்ன அன்று நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கிணற்றடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதேன். மெர்டேக்கா என்ற நம் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஊரே புதுச்சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருந்த காலம். எனக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அன்பர்களே, பிள்ளையார் எனக்குச் செய்ததை இத்தனை நாளும் என் பிள்ளைகளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இன்று உங்கள் முன்னால் சொல்ல மனம் வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ருக்குமணி. அப்பா டவுன் போர்டில் தண்ணீர்க்குழாய் பதிக்கும் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் காலம் முடிந்த பிறகுதான் என்னைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே முடித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகலாம் என்றால், பெரிய பள்ளிகளில் என் வயதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். வயது பார்க்காமல் சேர்த்துக்கொண்டது அந்தச் சின்னத் தனியார் பள்ளி ஒன்றுதான். ஒரு பழைய பலகை வீடு. அறைகளுக்கு நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எங்கள் வகுப்பில் பாடம் கேட்காது. ஆய்வுக்கூடம் கிடையாது, விளையாட்டுத் திடல் கிடையாது. நூலகம் என்று ஒரு அலமாரி இருந்தது.

அங்கே படித்துத்தான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் நல்லபடியாகத் தேறினேன். மேலே பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் ஆறாம் படிவம் இரண்டு வருஷம் படித்தாக வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் துரைசிங்கம் சாருக்கு யாழ்ப்பாணம் பூர்வீகம். ஒரு பிள்ளையையாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையில்தான் துணிந்து ஆறாம் படிவத்தைத் தொடங்கினார். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை.

தொடங்கின வேகத்திலேயே வகுப்பு கரைந்தது. ஒருவன் போலீசில் சேர்ந்தான். ஒருத்திக்குக் கல்யாணம். வசதியுள்ள இரண்டு பேர் சிங்கப்பூரில் பெரிய பள்ளிக்கு மாறிப் போனார்கள். மிஞ்சினது நான், லிம், யூசோப் மூன்று பேர். புவியியல் நடத்தின ஆசிரியரும் சிரம்பானில் அரசாங்க வேலை கிடைத்துப் போய்விட்டார். பள்ளியை நடத்தின குழுவினர் கூடிப் பேசி, நான்கு பேராவது இருந்தால் பார்க்கலாம், மூன்று பேருக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். அதைத்தான் சார் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஆறாம் படிவம் இருந்த ஒரு பெரிய பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பள்ளியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்படி ஒரு பள்ளி இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை, வெளியிலிருந்து எடுத்தால் தெரிந்த பள்ளியிலிருந்துதான் எடுப்போம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மாணவி என்று நான் கொண்டுபோன பெருமைக்கு அங்கே மதிப்பில்லை. ஏழு பேர் இருந்த வகுப்பில் முதல் என்றால் யாருக்கு என்ன புரியும்?

திரும்பி நடந்து வரும்போது அப்பா ஒரு வேலையைப் பற்றிப் பேச்செடுத்தார். டெலிபோன் ஆபீசில் பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள், தன்னோடு வேலை செய்பவருக்கு அங்கே ஆள் தெரியும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"பறக்கறதுக்கு ஆசப்பட்டு இருக்கறத விட்டுடாதம்மா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் துக்காங் எமாஸ் தெருவில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போவது எனக்குப் பழக்கம். பொய்யாத விநாயகர் என்று பெயர். அந்த வாரம் தினமும் போனேன். காலையில் குளித்துவிட்டு, பசியாறாமல், காஜா பேராங்கிலிருந்து நடந்தே போவேன். "எனக்கு ஒரு இடம் வாங்கிக் கொடு" என்றுதான் கேட்டேன். பெரிய பள்ளியில் ஒரு இடம். பல்கலைக்கழகத்தில் ஒரு இடம். ஒன்றும் நடக்கவில்லை. கோபம் வந்து, பெயர்தான் பொய்யாதவர் என்று மனசுக்குள் ஏசிவிட்டுப் போகாமலும் இருந்தேன்.

போகாமல் இருக்க முடியவில்லை. மறுபடி போய் நின்ற அன்று கேட்பதற்கு வார்த்தையே இல்லை. மனம் வெறுமையாக இருந்தது. வெகுநேரம் நின்றபின் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "எனக்குப் பெரிய பள்ளி வேண்டாம். இருக்கிற வகுப்பு மூடாமல் இருக்கட்டும். இன்னும் ஒரே ஒரு ஆள் கொடு. யாராக இருந்தாலும் சரி. நான் தேடிப் போகிறேன்."

நான் தேடிப் போகிறேன் என்று எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னதும் காலில் ஒரு பலம் வந்தது. அன்றே தொடங்கினேன். எங்கள் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருந்த ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றேன். புக்கிட் காதில் என்ற ஊர் வரைக்கும் சைக்கிளில் போனேன். சிலர் சிரித்தார்கள். சிலர் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தகப்பனார், "இந்தப் பள்ளியில படிச்சு எவன் பல்கலைக்கழகம் போனான், ஒரு பேரச் சொல்லு பாப்போம்" என்றார். சொல்வதற்கு என்னிடம் பெயர் இல்லை.

கடைசியாக, எங்கள் பக்கத்திலேயே இருந்த செட்டி கம்போங் என்ற குடியிருப்பில் லெட்சுமி என்ற என் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள்; வீட்டில் பேசுவது மலாய். லெட்சுமிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். வாழ்த்திவிட்டு வெளியே வந்தேன். இனிப் போக வீடே இல்லை.

சந்து முனை திரும்புவதற்குள் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். லெட்சுமியின் அண்ணி. தங்கம் என்று பெயர். பக்கத்து அறையில் சின்ன மகனைத் தூங்க வைத்துக்கொண்டு நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார். வயது முப்பதை ஒட்டி இருக்கும். அவர் பேசியது மலாயில். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"உங்க பள்ளியில வயசு பாக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நெஜமா?"

ஆமாம் என்றேன்.

"கல்யாணம் ஆனவங்கள?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றேன்.

"சண்டைக்கு அப்புறம் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிட்டேன். அதோட கல்யாணம். படிச்சு என்ன செய்யப் போறேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. பாதியில விட்டது உறுத்திக்கிட்டே இருக்கு. நாலாவது ஆளு நான் வர்றேன்."

நான் அவரை எத்தனையோ முறை அந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போனேன். ஊரெல்லாம் சைக்கிள் மிதித்துத் தேடின ஆள் அங்கேயே இருந்தார். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. வீட்டில் சம்மதிப்பார்களா என்று கேட்டேன்.

"போலே" என்றார். மலாயில் 'முடியும்' என்று அர்த்தம்.

முடிந்தது, ஆனால் சுலபமாக முடியவில்லை. அவர் கணவர் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் உடனே சரி என்றுவிட்டார். மாமியார்தான் மூன்று நாள் பேசாமல் இருந்து, பிறகு பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்று சொன்னாராம். பள்ளிக்குழுவில் ஒருவர், பிள்ளை பெற்றவள் விடலைப் பையன்களோடு உட்கார்ந்து படிப்பதா என்று கேட்டார். துரைசிங்கம் சார் அதற்கு, நான்கு பேர் வேண்டும் என்று கேட்டீர்கள், கல்யாணம் ஆகாத நான்கு பேர் என்று கேட்கவில்லையே என்றாராம்.

குழு சம்மதித்த அன்று மாலை தங்கம் அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் மலாயில் பேசினார். "ஒங்க மகள் என் வாசல்ல வந்து நின்னதாலதான் நான் மறுபடி படிக்கப் போறேன். இப்ப அவள டெலிபோன் வேலைக்கு அனுப்பிட்டா, நான் மட்டும் போய் என்ன செய்யறது?" அப்பா சிரித்துவிட்டார். மறுநாள் அவரே போய் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வகுப்பு பிழைத்தது. ஆனால் புவியியலுக்கு ஆசிரியர் இல்லை. சார் வரலாறும் இலக்கியமும் நடத்தினார். புவியியல் தனக்கு வராது என்று மறைக்காமல் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் பாடப் பகுதிகளைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் முதலில் படித்து மற்ற மூவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவருக்குப் புரியாவிட்டால் மற்றவர்கள் விட மாட்டார்கள். யூசோப் கேள்வி கேட்பதில் சூரன். அவனுக்குப் பயந்தே நான் இரண்டு மடங்கு படித்தேன். ஊர் நூலகத்தில் இருந்த புத்தகங்களை லிம் எடுத்து வருவான். வரைபடங்களைப் பார்த்துப் பெரிதாகத் தாளில் வரைந்து, தடுப்புப் பலகையில் ஒட்டி வைத்தோம்.

இரண்டாம் வருஷம் தொடங்கும்போது தங்கம் அக்கா மறுபடி உண்டாகியிருந்தார். வயிறு மேசையில் இடிக்கத் தொடங்கியதும் யூசோப் மேசையைப் பின்னுக்கு இழுத்துப் போட்டான். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் வந்தார். பிறகு ஒரு நாள் காலையில், வகுப்பு தொடங்கும் நேரத்தில், லெட்சுமி ஓடி வந்தாள். குழந்தை பிறந்துவிட்டது, பெண். ஆனால் அண்ணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்கிறார்கள் என்றாள்.

சார் பாடத்தை நிறுத்தினார். லிம்மும் யூசோப்பும் ஒரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். நான் கோயிலுக்கு ஓடினேன். அன்று வகுப்பைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ என் மனதில் எதுவும் இல்லை. பிள்ளையார் முன்னால் தரையில் விழுந்தேன். "நான் கேட்டுத்தானே இவரைக் கொடுத்தாய். கொடுத்ததைத் திருப்பி எடுக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். குருக்கள் விபூதி மடித்துக் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

யூசோப்பின் ரத்தம் பொருந்தியிருந்தது. லிம்முடையது பொருந்தவில்லை, அவன் அந்த வருத்தத்தோடு வராந்தாவில் நின்றிருந்தான். மத்தியானத்துக்கு மேல் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து, ரத்தம் நின்றுவிட்டது, பயமில்லை என்று சொன்னார். தங்கம் அக்காவின் கணவர் அங்கிருந்த சுவரில் சாய்ந்து அழுதார். யூசோப்பின் கையை அவர் விடவே இல்லை.

நாற்பது நாள் கழிந்ததும் தங்கம் அக்கா குழந்தையோடு வகுப்புக்கு வந்தார். உத்தரத்தில் சாரோங் கட்டித் தொட்டில் போட்டோம். ஐரோப்பிய வரலாறு நடத்திக்கொண்டே தலைமையாசிரியர் தொட்டில் ஆட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சை எழுத வேறொரு பள்ளிக்குப் போனோம். அங்கே வாசலில் நின்றவர் தங்கம் அக்காவைப் பார்த்து, தாய்மார்கள் வெளியில் இருக்க வேண்டும் என்றார். அக்கா பரீட்சை அட்டையை எடுத்து நீட்டினார். அவர் மன்னிப்புக் கேட்டு வழி விட்டார். பெரிய மண்டபம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், எல்லாரும் அவரவர் பள்ளிச் சீருடையில். நாங்கள் நான்கு பேர் ஒரு மூலையில். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

நான்கு பேரும் தேறினோம். எங்கள் பள்ளியில் மணியடித்து விடுமுறை விட்டார்கள்.

ஆனால் தேறினால் மட்டும் போதாது. கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்திலிருந்து என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அப்பாவும் நானும் விடியற்காலை பஸ்ஸில் போனோம். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைக்காரர் பள்ளியின் பெயரைப் படித்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டார். நான்கு என்றேன். விவாத மன்றம் உண்டா, விளையாட்டுக் குழு உண்டா, ஆய்வுக்கூடம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. புவியியல் ஆசிரியர் யார் என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் புவியியலில் இந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டார்.

அப்போது எனக்குப் பயம் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், போய்விட்டது. நாங்கள் பாடங்களைப் பிரித்துக்கொண்டதையும், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்ததையும், எங்களில் ஒருவர் கைக்குழந்தையோடு வந்து படித்ததையும் சொன்னேன். நீ நடத்திய ஒரு பாடத்தை எங்களுக்கு நடத்து என்றார். எழுந்து நின்றேன். மலாக்கா துறைமுகம் ஏன் தூர்ந்து போனது, பெரிய கப்பல்கள் ஏன் கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று நடத்தினேன். சுண்ணாம்புக்கட்டி இல்லை, மேசைமேல் விரலால் ஆற்றையும் கரையையும் வரைந்து காட்டினேன். ஓரத்தில் இருந்தவர் இடையில் கேள்வி கேட்டார். யூசோப் அதைவிடக் கஷ்டமாகக் கேட்டிருக்கிறான். பதில் சொன்னேன்.

கடைசியில் நடுவில் இருந்தவர், "இங்கே பள்ளிக்கூடம் மாதிரி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள். நீயேதான் தேடிப் படிக்க வேண்டியிருக்கும்" என்றார்.

"சார், இரண்டு வருஷமா நாங்க அதைத்தான் செஞ்சோம்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பு இல்லை. வெளியே வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

எனக்கு இடம் கிடைத்தது. லிம்முக்கும் கிடைத்தது. யூசோப் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனான். தங்கம் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. நான் புறப்படுவதற்கு முன்னால் அவரோடுதான் கோயிலுக்குப் போனேன். அவருக்குத் தமிழ் வராது. தன் அம்மா பாடிக் கேட்ட பிள்ளையார் பாட்டு ஒன்றை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் பாடினார். பக்கத்தில் கைகூப்பி நின்ற எனக்கு அழுகை தாங்கவில்லை.

பிறகு பல வருஷம் நான் ஆசிரியையாக இருந்தேன். எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் சின்னப் பள்ளிகளுக்கே போனேன். எங்கள் பிள்ளைகளை மேலே எடுப்பார்களா டீச்சர், இந்தப் பள்ளியின் பெயரே யாருக்கும் தெரியாதே என்று பெற்றோர்கள் வந்து கேட்பார்கள். எனக்குத் தெரிந்த நான்கு பேரின் பெயரை அவர்களுக்குச் சொல்லுவேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது ஒரு வாசல் மூடியிருக்கலாம். பிள்ளையின் படிப்பாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். பிள்ளையாரிடம் கேளுங்கள். எதுவும் பேசாமல் நிற்கத் தோன்றினால் நில்லுங்கள், கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள், அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்களைப் பின்னாலிருந்து கூப்பிடும்போது, நீங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.